அவருக்குத் தெரிந்திருந்ததா? ஓட்டுநரின் திடீர் நோயும் விபத்துப் பொறுப்பும்

2024 நவம்பரில் பெங்களூரு நெலமங்கலா பக்கம் ஓடிக்கொண்டிருந்த பி.எம்.டி.சி. பேருந்தில் ஓட்டுநர் மாரடைப்பு வந்து இருக்கையிலேயே சரிந்தார். நடத்துநர் பாய்ந்து வந்து வண்டியை நிறுத்தினார். பயணிகள் தப்பினார்கள், ஓட்டுநரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தக் காட்சியை நிறையப் பேர் கைபேசியில் பார்த்திருப்பார்கள். நடத்துநரின் கை எட்டாமல் போயிருந்தால், வண்டி நேராக ஒரு நிறுத்தத்துக்குள் புகுந்திருந்தால், இறந்தவர்களின் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

ஊரில் இதற்கு இரண்டு பதில்கள் உலவுகின்றன. "டிரைவரே போய்ட்டார், இனி கேஸ் ஏது" என்பது ஒன்று. "அவர் வேண்டுமென்றா செய்தார், விதி, யாரைக் கேட்பது" என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. இந்தத் தவறான பதில்களை நம்பி, கிடைக்க வேண்டிய பணத்தை விட்டுவிட்ட குடும்பங்கள் உண்டு. அதனால்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் குற்ற வழக்கு. சாலையில் ஒருவர் இறந்தால் போலீஸ் போடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106(1) பிரிவுகள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279, 304ஏ என்று சொன்னால் பலருக்கும் உடனே புரியும். 106(1)-இல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் அஜாக்கிரதை இருந்தால்தான் குற்றம். நினைவே இல்லாத மனிதனிடம் ஜாக்கிரதையை எதிர்பார்க்க முடியாது. சட்டப்படியான செயலை, சட்டப்படியான முறையில், உரிய கவனத்தோடு செய்யும்போது குற்ற எண்ணமோ அறிவோ இல்லாமல் தற்செயலாக நேர்ந்தது குற்றமாகாது என்று அதே சன்ஹிதாவின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. இது பழைய 80-ஆம் பிரிவுதான்.

இதில் "உரிய கவனத்தோடு" என்ற சொல்லில்தான் வழக்கு நிற்கிறது. நீதிமன்றம் மயங்கிய நொடியை மட்டும் பார்ப்பதில்லை, வண்டியில் ஏறி உட்கார்ந்த நேரத்தையும் பார்க்கும். போன மாதம் இரண்டு முறை ஃபிட்ஸ் வந்தவர், மாத்திரையை நிறுத்திவிட்டவர், காலையிலிருந்து நெஞ்சை அழுத்துகிறது என்று உடன் வேலை செய்பவரிடம் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவர் ஆகியோரின் அஜாக்கிரதை மயக்கத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-ஆம் பிரிவு இதை நேரடியாகவே சொல்கிறது: பொதுமக்களுக்கு ஆபத்தாக முடியக்கூடிய நோய் தனக்கு இருப்பது *தெரிந்திருந்தும்* ஓட்டினால் குற்றம். அபராதம் முதல் தடவை 1,000 ரூபாய், மறுபடியும் பிடிபட்டால் 2,000 ரூபாய் வரை. தொகை சிறியது. ஆனால் அந்த ஒரு சொல் மொத்த விவகாரத்துக்கும் அச்சாணி. 18-ஆம் பிரிவின் பாதுகாப்பைக் கேட்பவர்தான் அதற்கான சூழ்நிலையை நிரூபிக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டம் சொல்வதையும் சேர்த்துப் படியுங்கள்.

இங்கிலாந்தின் இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்தக் கோடு பளிச்சென்று தெரியும். 1980-இல் தீர்ப்பான ராபர்ட்ஸ் எதிர் ராம்ஸ்பாட்டம் வழக்கில், 73 வயது முதியவருக்குக் கிளம்புவதற்கு முன்பே மூளையில் பக்கவாதம் தொடங்கிவிட்டது. வழியில் நின்ற ஒரு வேனில் இடித்தார், அப்படியும் ஓட்டிக்கொண்டே போனார். ஏதோ சரியில்லை என்று உணர்ந்திருக்க வேண்டும், நிறுத்தியிருக்க வேண்டும் என்று அவரைப் பொறுப்பாக்கியது நீதிமன்றம். 1998-இல் வெளியான மான்ஸ்ஃபீல்ட் எதிர் வீட்டாபிக்ஸ் தீர்ப்பில் ஒரு லாரி கடைக்குள் புகுந்தது. ஓட்டுநருக்கு ரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தும் நோய் இருந்தது, அது அவருக்கே தெரியாது. சர்க்கரை மெல்ல மெல்ல இறங்கியதால் தன் திறமை குறைவதையும் அவரால் உணர முடியவில்லை. அவர் மேல் பிழையில்லை என்றார்கள். இடித்த பிறகும் ஓட்டிப் போனது இரண்டிலும் உண்டு. பிரித்துக் காட்டியது, ஓட்டுநரால் உணர முடிந்ததா என்பதுதான்.

தூக்கத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. தூக்கம் சொல்லாமல் வருவதில்லை. கண் எரியும், கொட்டாவி வரும், வண்டி கோட்டைத் தாண்டித் திரும்பும். "திடீரென்று கண் சொருகிவிட்டது" என்பதை நீதிமன்றம் நோயாக ஏற்காது.

எந்த நோய் எவ்வளவு முன்னறிவிப்பு தரும் என்பதை வழக்கறிஞர்களும் போலீசாரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. இதய நோய் எதுவும் கண்டறியப்படாதவருக்கு வரும் முதல் மாரடைப்பை முன்கூட்டி அறிய வழி குறைவு. சர்க்கரை நோயாளிக்கு வரும் லோ சுகர் அப்படியல்ல. இன்சுலின் போடுபவருக்கும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவருக்கும், சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருப்பார். வியர்வை, நடுக்கம், படபடப்பு என்று உடலும் சொல்லும். அதனால் "எனக்கு லோ சுகர் ஆகிவிட்டது" என்ற வாதம் பல நேரம் ஓட்டுநருக்கு எதிராகவே திரும்புகிறது. வலிப்பு நோயில் வழக்கு பெரும்பாலும் மருந்துச் சீட்டைச் சுற்றித்தான் நடக்கும்: எத்தனை நாள் மாத்திரை வாங்கவில்லை, கடைசி வலிப்பு எப்போது, ஓட்டக் கூடாது என்று மருத்துவர் எழுதினாரா. ஓட்டக் கூடாது என்று வாயால் மட்டும் சொல்லிவிட்டு டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதாமல் விடும் மருத்துவர்கள் தயவுசெய்து அந்த ஒரு வரியை எழுதிவிடுங்கள்.

நிரூபணம் இரண்டு இடங்களில் இருக்கிறது: சாலையிலும் உடலிலும். சாலையில் பிரேக் தேய்ந்த தடம் இருக்காது. வண்டி வெட்டித் திரும்பியிருக்காது, மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து போயிருக்கும். வலிப்பில் கால் விறைத்து ஆக்சிலரேட்டரை அழுத்திவிட்டால், வேகம் குறைய வேண்டிய இடத்தில் கூடியிருக்கும். இதைப் பார்க்காமல், வேகம் கூடியது என்ற ஒன்றை மட்டும் வைத்து "அதிவேகம்" என்று எழுதிவிடுவது விசாரணையில் அடிக்கடி நடக்கும் பிழை. பேருந்திலும் லாரியிலும் இருக்கும் ஜி.பி.எஸ். கருவியின் பதிவு, டேஷ் கேமரா, கடை வாசல் கேமரா எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பல கேமராக்களில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும்.

உடலில், போஸ்ட்மார்ட்டம் சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு. மாரடைப்பு வந்து சில நிமிடங்களில் உயிர் போனால், இதயத் தசையில் எந்த மாற்றமும் கண்ணுக்குத் தெரியாது. மாற்றம் தெரிய மணிக்கணக்கு ஆகும். ஆகவே "இதயத் தசை இயல்பாக உள்ளது" என்ற ஒரு வரியால் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. ரத்தக் குழாயில் புதிதாய் உறைந்த கட்டி இருக்கிறதா, பழைய மாரடைப்பின் தழும்பு இருக்கிறதா, காயங்களில் ரத்தக்கசிவு மிகக் குறைவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கசிவு குறைவென்றால் மோதுவதற்கு முன்பே இதயம் நின்றிருக்கலாம். பழைய தழும்பு கிடைத்தால் அடுத்த கேள்வி உடனே எழும்: அது அவருக்குத் தெரியுமா? ஓட்டுநர் பிழைத்திருந்தால், இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். ஆனால் ஸ்டியரிங்கில் மார்பு அடிபட்டாலும் அது உயரும், அதை மட்டும் நம்பக் கூடாது. ரத்தச் சர்க்கரைக்கு முதல் அளவீடுதான் உயிர். ஆம்புலன்சில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டால் அதற்குப் பின் எடுக்கும் அளவு பொய் சொல்லும், ஆகவே 108 ஊழியர் எழுதிய தாளைத் தேடிப் பிடியுங்கள். இறந்த பிறகு ரத்தத்தை வைத்து லோ சுகரை நிரூபிப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

இனி இழப்பீடு. ஓட்டுநர் இறந்துவிட்டால் குற்ற வழக்கு அவரோடு முடிந்துவிடும். போலீஸ் அப்படியே இறுதி அறிக்கை கொடுத்து முடிப்பார்கள். இழப்பீட்டு வழக்கு அதோடு முடிவதில்லை. உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி இருவர் மேலும் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு (எம்.சி.ஓ.பி.) போடலாம்.

அங்கே இரண்டு வாசல்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில் யார் தவறு என்று சொல்லவே வேண்டாம். வண்டியால் மரணம் நேர்ந்தது என்றால் 5 லட்சம், கொடுங்காயம் என்றால் 2.5 லட்சம். 2019 திருத்தத்தில் வந்து, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஓட்டுநர் மாரடைப்பில் சாய்ந்தாலும் இந்தத் தொகைக்குத் தடையில்லை. அதே சட்டத்தின் 166-ஆம் பிரிவில் உச்சவரம்பு கிடையாது, ஆனால் கவனக்குறைவைக் காட்ட வேண்டும்.

இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இறந்தவருக்கு வயது 38. சொந்தத் தொழில், மாத வருமானம் 20,000. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். உச்ச நீதிமன்றத்தின் பிரணய் சேத்தி தீர்ப்புப்படி எதிர்கால வருமான உயர்வுக்கு 40 விழுக்காடு சேர்த்தால் 28,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. அதே நீதிமன்றத்தின் சர்லா வர்மா தீர்ப்பில் உள்ள அட்டவணையில் 36 முதல் 40 வயதுக்குப் பெருக்கல் எண் 15. மொத்தம் 37,80,000. ஈமச் செலவு, துணையிழப்பு முதலான தலைப்புகள் இதற்கு மேல். ஒரு வாசலில் 5 லட்சம், இன்னொன்றில் கிட்டத்தட்ட 38 லட்சம். "திடீர் மாரடைப்பு, தவிர்க்க முடியாத விபத்து" என்று இன்சூரன்ஸ் தரப்பு எதிர்வாதம் எழுதுவது இந்த 33 லட்சத்துக்காகத்தான்.

ஆகவே 164-இல் பணம் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்று யாராவது வந்தால் அவசரப்படாதீர்கள். அதை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் இருக்கும் மனு செல்லாமல் போகும் என்று 166-ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அடுப்பெரிய வழியில்லாத வீட்டுக்கு 5 லட்சம் பெரிதுதான். அந்த நிலையைப் பயன்படுத்திக்கொள்வது எனக்குப் பொறுக்க முடியாத ஒன்று.

166-இல் எப்படி நிற்பது? முதல் சறுக்கல் மனு எழுதும்போதே நடக்கிறது. "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற வாய்ப்பாட்டை அப்படியே அடித்துத் தாக்கல் செய்துவிடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்து, மாரடைப்பு என்ற மருத்துவச் சான்று வந்து நின்றதும் மனுவுக்குக் கால் இல்லாமல் போகிறது. தொடக்கத்திலேயே அடுக்கடுக்காகச் சொல்ல வேண்டும். ஓட்டுநருக்குத் தன் நோய் தெரியும், தெரிந்தும் ஓட்டினார் என்பது ஒன்று. உரிமையாளருக்குத் தெரியும், அல்லது மருத்துவப் பரிசோதனையே செய்யாமல் வேலை கொடுத்தார், ஓய்வில்லாமல் ஓட்டவைத்தார் என்பது அடுத்தது. இது மிக முக்கியம், ஏனென்றால் ஓட்டுநர் மேல் பிழையில்லை என்று ஆனால் அவர் வழியாக முதலாளி மேல் வரும் பொறுப்பும் விழுந்துவிடும், முதலாளியின் சொந்தப் பிழை மட்டுமே மிஞ்சும். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வேலை வரம்பை 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வகுத்திருந்தது. டிரிப் ஷீட்டும் வருகைப் பதிவேடும் அதை மீறியதைக் காட்டிவிடும். கடைசியாக, இவை எதுவும் நிற்காவிட்டால் 164-இன் தொகையாவது வேண்டும் என்ற மாற்றுக் கோரிக்கை.

சட்டத்தில் நமக்குச் சாதகமாக இரண்டு தீர்ப்புகள். 2001-இல் கௌஷ்னுமா பேகம் வழக்கில் ஒரு ஜீப்பின் முன் டயர் வெடித்துக் கவிழ்ந்ததில், நடந்து போனவர் இறந்தார். ஓட்டுநர் மேல் தவறில்லை என்று தீர்ப்பாயம் தள்ளியது. உச்ச நீதிமன்றம், ஆபத்தான பொருளைக் கொண்டுவந்தவர் அதன் விளைவுக்குப் பொறுப்பு என்ற கடும்பொறுப்புக் கொள்கையை வைத்து இழப்பீடு கொடுத்தது. வெடித்த டயருக்குப் பொருந்துவது நின்ற இதயத்துக்கும் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. எதிர்த்தரப்பு 1977-இன் மினு மேத்தா தீர்ப்பை எடுக்கும். கவனக்குறைவை நிரூபித்தே ஆக வேண்டும் என்று மூன்று நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு அது. ஆனால் அதே தீர்ப்பில், வண்டியின் மறைந்திருந்த பழுதுதான் காரணம் என்று சொல்லும் உரிமையாளர், தான் எடுக்க வேண்டிய எல்லாக் கவனத்தையும் எடுத்ததைக் காட்ட வேண்டும் என்றும் இருக்கிறது. வண்டியின் பழுதுக்கு அப்படியென்றால், ஓட்டும் மனிதரின் உடல்நிலைக்கும் அதே கேள்வியைக் கேட்கலாம்: கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள்? ஓட்டுநர் ஆர்.டி.ஓ.வில் கொடுத்த படிவம் 1ஏ (உரிமத்துக்கான மருத்துவச் சான்று), பணிமனை மருந்தகப் பதிவு, இ.எஸ்.ஐ. சீட்டு, மருத்துவ விடுப்பு விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் தீர்ப்பாயம் மூலம் சம்மன் அனுப்பி வரவழையுங்கள். இங்கே சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் வேண்டியதில்லை, எது அதிகம் நம்பத்தக்கது என்பதுதான் அளவுகோல்.

எஃப்.ஐ.ஆர்.-ஐயும் உன்னிப்பாகப் படியுங்கள். பேருந்து விபத்தில் பல நேரம் புகார் கொடுப்பவர் அதே பேருந்தின் நடத்துநர். "ஓட்டுநருக்கு நெஞ்சுவலி ஏற்பட்டதால்" என்று அவர் சொன்ன ஒரு வரி கடைசிவரை கூட வரும். பாதிக்கப்பட்டவர் தரப்பில் நேரில் பார்த்த பயணியின் வாக்குமூலமும் பதிவாக வேண்டும்.

காலக்கெடுவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, போலீஸ் 48 மணி நேரத்தில் படிவம் 1-இல் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். ஓட்டுநரும் உரிமையாளரும் 30 நாளில் தங்கள் படிவங்களைக் கொடுக்க வேண்டும், பாதிக்கப்பட்டோர் 60 நாளில் படிவம் 6. போலீசின் விரிவான அறிக்கை 90 நாளில். இது தானாக நடக்கும் என்று இருந்துவிடாமல், நிலையத்தில் கேட்டு நகல் வாங்குங்கள். மனுவுக்குச் சட்டம் தரும் காலம் 6 மாதம். அந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருந்தாலும், அதை நம்பித் தாமதிக்க வேண்டாம். எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்), போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட், வாரிசுச் சான்று, வருமானச் சான்று ஆகியவை கையில் இருந்தால் போதும். அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துக்கு வெளி இன்சூரன்ஸ் இருக்காது, கழகமே எதிர்மனுதாரர். தீர்ப்பு வந்தும் பணம் வராமல் பேருந்தை ஜப்தி செய்யும் செய்திகள் நம் ஊரில் புதிதில்லை, அதற்கும் மனதைத் தயார்செய்துகொள்ள வேண்டும்.

இதில் எல்லோரும் மறந்துவிடும் இன்னொரு குடும்பம் ஓட்டுநருடையது. சொந்த வண்டி ஓட்டியவர் என்றால் 15 லட்ச ரூபாய்க் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கும். ஆனால் அது வெளியிலிருந்து நேர்ந்த விபத்துக் காயத்தால் வரும் மரணத்துக்கு மட்டும். மாரடைப்பால் இறந்தார் என்றால் கிடைக்காது. வலிப்பு வந்து மோதி, தலைக் காயத்தால் இறந்தார் என்றால் கேட்க இடமுண்டு. எனவே போஸ்ட்மார்ட்டத்தில் இறப்புக்கான காரணம் எப்படி எழுதப்படுகிறது என்பது அந்த வீட்டின் எதிர்காலத்தையே மாற்றும்.

கூலிக்கு ஓட்டியவர் என்றால் பாதை வேறு. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட ஏற்பாட்டில் (இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் வந்துவிட்டது), வேலையின் காரணமாக வேலை நேரத்தில் நேர்ந்த மரணம் என்று காட்ட வேண்டும். பரம்பால் சிங் வழக்கில், டெல்லியிலிருந்து 1,100 கிலோமீட்டருக்கு மேல் லாரி ஓட்டி வந்தவர், உடம்பு சரியில்லை என்று சாலையோரம் நிறுத்திவிட்டு மயங்கி இறந்தார். மோதல் எதுவும் இல்லை. அந்த நெடும்பயணத்தின் உளைச்சலே காரணம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுத்தது. ஆனால் அதற்கு முன் 2006-இல் ஒரு லாரி கிளீனரின் மாரடைப்பு வழக்கில் வேலைப் பளுவுக்கும் மரணத்துக்கும் தொடர்பு காட்டப்படவில்லை என்று மறுத்தது. எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர், எத்தனை நாள் தொடர்ந்து ஓட்டினார் என்பதற்கான தாள்தான் வித்தியாசம். சுங்கச்சாவடி ரசீதுகளும் ஃபாஸ்டாக் பதிவுகளும் இதற்கு அருமையான சாட்சி. தொகைக் கணக்கு: 45 வயது, மாதக் கூலி 15,000 என்றால், அதில் பாதியை 169.44-ஆல் பெருக்க வேண்டும், 12,70,800 ரூபாய்.

உரிமம் வழங்கும் முறையைப் பற்றிப் பேசாமல் இது முழுமையாகாது. உரிமத்துக்கான படிவம் 1-இல் வலிப்போ, திடீர் மயக்கமோ, தலைசுற்றலோ உண்டா என்ற கேள்வி இருக்கிறது. போக்குவரத்து வாகன உரிமத்துக்கு மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ வேண்டும். பல இடங்களில் அந்தக் கையெழுத்து எப்படி விழுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். நோயாளியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் போடப்படும் கையெழுத்து, பின்னால் ஒரு மரணத்தின் கோப்பில் சாட்சியாக வந்து நிற்கும். இடையில் நோய் வந்தவரின் உரிமத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 16-ஆம் பிரிவில் ரத்து செய்யலாம், அல்லது மருத்துவச் சான்று கேட்கலாம். அந்த அதிகாரம் ஏட்டிலேயே தூங்குகிறது.

வலிப்பு நோயாளிகளிடம் நம் முறை மிகக் கடுமை. ஆம் என்று எழுதினால் ஏறக்குறைய கதவு மூடிவிடும், ஆகவே இல்லை என்று எழுதுகிறார்கள். பிரிட்டனில் கார் ஓட்டுபவர் பொதுவாக 12 மாதம் வலிப்பில்லாமல் இருந்தால் போதும், லாரி, பேருந்துக்கு மருந்தே இல்லாமல் 10 ஆண்டு. அங்கும் மறைப்பவர்கள் உண்டு: 2014 டிசம்பரில் கிளாஸ்கோவில் குப்பை லாரி ஓட்டுநர் மயங்கி 6 பேர் இறந்தார்கள், 2010-இல் பேருந்து ஓட்டியபோது மயங்கியதை அவர் மறைத்தே வேலைக்குச் சேர்ந்திருந்தார். அரசுத் தரப்பு வழக்குத் தொடரவில்லை, குடும்பங்களின் கோபம் இன்றும் ஆறவில்லை. ஜப்பானில் 2011-இல் கனுமா நகரில், வலிப்பை மறைத்து மருந்தையும் விட்ட ஒருவரின் கிரேன் லாரி மோதி 6 பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். அவருக்கு 7 ஆண்டு கிடைத்தது, அது போதாது என்று பெற்றோர் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். 2014 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்த தனிச் சட்டம், நோயால் ஓட்டும் திறன் தடைபடும் ஆபத்தை அறிந்தும் ஓட்டி, அந்த நோயாலேயே மரணம் விளைவித்தால் 15 ஆண்டு வரை சிறை என்கிறது. நம் 186-ஆம் பிரிவின் 1,000 ரூபாயை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு வேண்டியது இரண்டும் சேர்ந்தது: உண்மையைச் சொல்பவருக்குத் திரும்பி ஓட்ட ஒரு நியாயமான வழி, மறைப்பவருக்கு உறைக்கும் தண்டனை.

இன்சுலினிலோ மேலே சொன்ன மாத்திரைகளிலோ இருப்பவர், கிளம்பும் முன் சர்க்கரை பார்க்க வேண்டும், நீண்ட பயணத்தில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். 90-க்குக் கீழே என்றால் முதலில் சாப்பாடு. 70-க்குக் கீழே என்றால் ஓட்டவே கூடாது, குளுக்கோஸ் எடுத்து அளவு சரியானபின் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும், மூளை தெளிய அவ்வளவு நேரம் ஆகும். அந்த அளவுகள் கருவியின் நினைவில் தேதியோடு இருக்கட்டும், அழிக்காதீர்கள். நெஞ்சில் அழுத்தம், ஒரு பக்கக் கை மரத்துப்போதல், பார்வை மங்கல் என எது தோன்றினாலும் இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டி, சாவியைத் திருப்பிவிடுங்கள். பேருந்து என்றால் நடத்துநரைக் கூப்பிடுங்கள். கையும் பிரேக்கும் சொன்னபடி கேட்கும் கடைசி அரை நிமிடம் அதுவாகவே இருக்கலாம்.